கண்ணாடித் தொட்டியில் கரைத்த வெல்லம்

ஏரியில் பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடப் போகிற நாட்களில் நான் ஒரு ஊறுகாய் பாட்டிலில் இரண்டு நத்தைகளை எடுத்துக்கொண்டு போவேன். வேலையை விட்டு ஓய்வு பெறும்வரை அப்படித்தான் போனேன். என்னோடு வேலை செய்த பிள்ளைகள் எனக்கு 'நத்தைக்காரர்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். துத்தத்தைச் சாக்கில் கட்டிப் படகின் பின்னால் இழுப்பதற்கு ஒரு நாள் முன்னதாக, ஏரிக்கரை ஊரில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்குவேன். அதற்கு அரை நாள் ஆகும். மேலதிகாரிக்கு அது பிடிக்காது.

இப்போது அந்த வழக்கம் இல்லையாம். அச்சடித்த நோட்டீஸை மதகுச் சுவரில் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்களாம். போன வாரம் என்னைப் பார்க்க வந்த பிள்ளைகள் சொன்னார்கள். "அந்த நத்தை எதுக்குன்னு நீங்க சொன்னதே இல்லையே" என்றும் கேட்டார்கள். சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் சொல்லவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்தது முத்தாபுதுப்பேட்டையில். நாலாம் வகுப்பு நடக்கும்போது வாத்தியார் செத்துப்போனார், பள்ளிக்கூடத்தை மூடினார்கள். மறுபடி திறந்தபோது நான் ஊரில் இல்லை. அம்பத்தூர்ப் பக்கம் செங்கல் சூளையில் மண் மிதித்தேன். ரயில் பாதைக்குக் கருங்கல் உடைத்தேன். ஒரு சர்க்கஸ் கம்பெனியில் யானைக்குத் தண்ணீர் சுமந்துகொண்டு கோலார் வரை போனேன், அங்கே காய்ச்சல் வந்து விழுந்தேன், விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நடந்தே திரும்பினேன். எந்த இடத்திலும் எட்டு மாதத்துக்கு மேல் தங்கியதில்லை.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷங்களுக்கு முன்பு, ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் ஒரு தோப்புக்குள் இருந்த க்ஷயரோக விடுதியில் தண்ணீர் ஆளாகச் சேர்ந்தேன். கிணற்றில் இறைப்பது, காய்ச்சுவது, நோயாளிகள் துப்புகிற குவளைகளைக் கொதிநீரில் போட்டு எடுப்பது. இந்த வேலைக்கு ஆள் கிடைக்காது. அதனால்தான் என்னைப் போன்றவனை எடுத்தார்கள்.

காசநோய்க்கு அப்போது மருந்தென்று எதுவும் கிடையாது. நல்ல காற்று, பால், முட்டை, அசையாமல் படுத்திருப்பது, அவ்வளவுதான். நீண்ட தாழ்வாரத்தில் வரிசையாகக் கட்டில்கள். மாதக்கணக்கில் கூரையையே பார்த்துப் படுத்திருப்பவர்களுக்குப் பார்க்க ஏதாவது வேண்டும் என்று டாக்டர் ஒரு கண்ணாடித் தொட்டி செய்து வைத்திருந்தார். இரும்புச் சட்டம், நான்கு பக்கமும் கண்ணாடி, இருபது குடம் தண்ணீர் பிடிக்கும். அடியில் மணல். மணலில் கொரட்டூர் ஏரியிலிருந்து கொண்டுவந்த செடிகள். நாடா மாதிரி நீண்டு ஆடும் இலை, அதனால் நாடாச்செடி என்போம். சின்னக் கெண்டைகள், அயிரைகள், கண்ணாடியில் ஊரும் நத்தைகள்.

முதல் நாள் அதன்முன் நின்றுவிட்டேன். அதுவரை மீனை மேலிருந்து பார்த்திருக்கிறேன், சட்டியில் பார்த்திருக்கிறேன். உயிரோடு பக்கவாட்டில் பார்த்தது அதுதான் முதல் தடவை. அது என்னைத் திரும்பிப் பார்த்தது.

தொட்டி கம்பவுண்டர் தேவசகாயத்தின் பொறுப்பு. அவர் கைக்கு உதவி நான். அவரைப் போல ஒரு மேலாளை நான் பிறகு பார்க்கவில்லை. கத்தமாட்டார். ஒரு வேலையை ஒரே ஒரு தடவைதான் சொல்வார். சொல்லி முடித்ததும், "சொல்" என்பார். நாம் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை மாறினாலும் கோபப்படமாட்டார், முதலிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். பென்சில் எப்போதும் காதில் இருக்கும். நடக்கும்போது ஓடமாட்டார். "ஓடுகிறவன் கையிலிருந்து மருந்து சிந்தும்" என்பார்.

திங்கட்கிழமைதோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுக்க வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனையை மணலுக்கு மேலே பிடித்து, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, தண்ணீர் வாய்க்கு வருவதற்குள் வாளியில் விட வேண்டும். முதல் மாதம் நான் குடித்தது அரை வாளி இருக்கும். புதுத் தண்ணீரை முந்தின நாளே பீப்பாயில் இறைத்து வைக்க வேண்டும், சூடும் குளிரும் சமமாக இருக்க. தென்னை நாரால் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். இலையில் பாசி படிந்தால் இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அடியிலிருந்து நுனிக்கு உருவ வேண்டும். நுனியிலிருந்து அடிக்கு உருவினால் செடி கையோடு வந்துவிடும்.

இவ்வளவு செய்தும் தொட்டி கெட்டுப்போனது. மாதம் ஒரு தடவை, ஏதோ ஒரு காலையில் தண்ணீர் அரிசி களைந்த நீர் மாதிரி வெளுத்திருக்கும். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நாலைந்து நாளில் வெளுப்புக் குறையும். அப்பாடா என்று இருக்கும்போது பச்சையாகத் திரும்பும். பிறகு இலைகளில் பச்சை நூல் தலைமயிர் போலச் சுற்றிக்கொள்ளும். நாடாச்செடியின் புது இலை கண்ணாடித்தாள் போல மஞ்சளாக வந்து அடியில் அழுகும். மணலைக் கிளறினால் கறுப்பாக இருக்கும், கூழ்முட்டை நாற்றம் அடிக்கும்.

கம்பவுண்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெயில் அதிகம் என்று கிழக்குப் பக்கம் பனையோலைப் பாய் கட்டச் சொன்னார். தீனியைப் பாதியாகக் குறைத்தார். அதன் பிறகு மணல் முழுவதையும் எடுத்துக் கழுவி, கீழே இரண்டு விரற்கடை ஏரிவண்டல் பரப்பி மறுபடி நட்டோம். செடி துளிர்த்தது. இருபது நாள் அழகாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு காலையில் மறுபடி களைந்த நீர்.

அவருடைய நோட்டுப்புத்தகத்தில் எல்லா நாளும் எழுதியிருக்கும். சுவரில் கிழிக்கிற காலண்டர் தொங்கும். ஒரு நாள் நான் சொன்னேன்: "அய்யா, இது அமாவாசையை ஒட்டித்தான் வருது."

நோட்டைப் புரட்டிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சந்திரன் கடலை இழுக்கும், முனுசாமி. இருபது குடம் தண்ணீரை இழுக்காது" என்றார். ஆனாலும் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. நோயாளிகளின் நடுவே நாற்றமடிக்கிற தண்ணீரை வைத்திருக்க முடியாது, அடுத்த மாதத்துக்குள் தெளியாவிட்டால் தொட்டியும் போகும், தொட்டிக்கு என்று வைத்திருக்கும் ஆளும் போகலாம் என்றார். அந்த ஆள் நான். எட்டு மாதத்துக்கு மேல் எங்கும் தங்காதவன், அங்கே பதினோராவது மாதத்தில் இருந்தேன். போக மனமில்லை.

கம்பவுண்டர் மயில்துத்தத்தை எடுத்தார். மயில் கழுத்து நிறம், கற்கண்டு மாதிரி கட்டி. பாசியைக் கொல்லும், அளவு தவறினால் மற்றதையும் கொல்லும் என்றார். மருந்து நிறுக்கும் தராசில் ஒரு துணுக்கை வைத்துக் காட்டினார்.

"ஓர் உளுந்து அளவு. தூளாக்க வேண்டும். ஒரு பாட்டில் தண்ணீரில் கரைத்துப் பரவலாக ஊற்ற வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே தடவை. சொல்."

சொன்னேன். ஒரு வார்த்தை மாறவில்லை.

இரண்டு நாள் ஊற்றினேன். ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் கம்பவுண்டர் மருந்து வாங்கப் பட்டணம் போயிருந்தார். நான் பாசி நூலைப் பார்த்தேன், தொட்டியைப் பார்த்தேன், காலண்டரைப் பார்த்தேன். மறுநாள் அமாவாசை. நாலாம் வகுப்புக் கணக்கு எனக்கு வேலை செய்தது: உளுந்தளவுக்கு இவ்வளவு மெதுவாகப் போகுமானால், பெரிதாகப் போட்டால் சீக்கிரம் போகும். சாயங்காலம் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டியை அப்படியே தொட்டியின் முன்மூலையில் போட்டேன். அது கரையக் கரைய நீலமாக ஒரு கோடு மணல்மேல் இறங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

விடிந்து வந்தேன். கண்ணாடியில் ஒரு நத்தைகூட இல்லை. எல்லாம் மணல்மேல் மல்லாந்து கிடந்தன. அயிரைகள் பக்கவாட்டில் மிதந்தன. நான் இப்படி நிற்கும்போது, எட்டாம் கட்டில் எல்லப்பனின் மனைவி கன்னியம்மா தொட்டியின் முன்மூலையில் காலிப் பித்தளை டம்ளரை அலசிக்கொண்டிருந்தாள்.

எல்லப்பன் பூந்தமல்லி சந்தையில் மூட்டை தூக்குகிறவன். நோயாளிக்குத் துணையாகப் பெண்கள் தோப்பில் குடிசை போட்டுச் சமைத்துக்கொள்ளலாம், அப்படி இருந்தவள் அவள்.

"அக்கா, இன்னா பண்றே?"

"தெரியாத மாதிரி கேக்குறியே நைனா. தீர்த்தம்."

"இன்னா தீர்த்தம்?"

"அமாவாசைன்னா திருவள்ளூர் கோயிலுக்குப் போயி கொளத்துல வெல்லம் கரைப்போம். வெல்லம் கரையிற மாதிரி வியாதி கரையும். இவரு எழுந்து நடக்க முடியாது. ரயில்ல ஏத்தமாட்டேன்றாங்க. அதான், கொளம் இங்கயே வந்துகீதேன்னு..." முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். ஓர் அச்சு வெல்லம். "நான் மட்டும் இல்ல. எல்லா கட்டிலுக்கும் ஒரு அச்சு கரைப்போம். தெனம் வெறும் வயித்துல மூணு ஸ்பூனு குடுப்பேன். இன்னிக்கி அமாவாசையாச்சே, ஒரு டம்ளரு குடுத்துட்டேன். அவரு மொகத்த சுளிச்சாரு. கசக்குதாம். நாக்கு செத்துப்போச்சு அவருக்கு."

எனக்குக் காதில் ஒன்றும் விழவில்லை. அவள் உதடு அசைவது தெரிந்தது.

"இன்னா நைனா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

மருந்தறைக்குப் போனேன். கம்பவுண்டர் காலை வண்டியில் திரும்பி வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எவ்வளவு போட்டாய்?"

"உளுந்து அளவு."

"அப்படியானால் ஒன்றும் ஆகாது" என்று நோட்டைத் திறந்தார்.

நான் போயிருக்கலாம். போகவில்லை. அவர் பென்சிலை எடுத்து, தேதி எழுதி, நிமிர்ந்து பார்த்தார். நான் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் வளைத்து அளவைக் காட்டினேன்.

பென்சில் கீழே விழுந்தது. அந்த மனிதர் ஓடினார். ஓடவே மாட்டார் என்று சொன்னேனே, அவர்.

நாங்கள் போவதற்குள் எல்லப்பன் கட்டிலில் குப்புறச் சாய்ந்திருந்தான். கம்பவுண்டர் முட்டைகளை உடைத்து வெள்ளைக்கருவை மட்டும் பாலில் அடித்துப் புகட்டினார். அது வெளியே வந்தது. மறுபடி புகட்டினார். மறுபடி வந்தது. நீலம் கலந்த பச்சையாக வந்தது, நாலாம் தடவை அதில் ஒரு சிவப்பு இழை. தாழ்வாரத்தில் அசையக் கூடாது என்று படுக்க வைத்திருந்த அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். இருமல் சத்தம் கூட இல்லை. நான் வாந்தி பிடிக்கும் பேசினை ஏந்திக்கொண்டிருந்தேன். நிரம்பியதைக் கொட்டிவிட்டு வந்து மறுபடி ஏந்தினேன். கன்னியம்மா அழவில்லை. கண் கொட்டாமல் வெளியே வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்குள் வாந்தி நின்றது. நாடி இருந்தது.

கம்பவுண்டர் தாழ்வாரத்தைப் பார்த்துக் கேட்டார்: "இந்தத் தொட்டியில் யார் யார் வெல்லம் போட்டீர்கள்?"

கடைசிக் கட்டில் கிழவர்தான் மெல்லச் சொன்னார்: "எல்லாரும்தான் சாமி. ஒங்க மூணு பேருக்குத்தான் தெரியாது."

டாக்டர், கம்பவுண்டர், நான். எட்டு மாதமாகத் தொட்டிக்கு வைத்தியம் பார்த்தவர்கள். பாய் கட்டினோம், தீனி குறைத்தோம், மணலைக் கழுவினோம். அத்தனைக்கும் அமாவாசைதோறும் கட்டிலுக்கு ஒன்றாக இருபது அச்சு வெல்லம் உள்ளே கரைந்துகொண்டிருந்தது. கம்பவுண்டர் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நோட்டைப் புரட்டி, அமாவாசை என்று தான் எழுதியிருந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

விடுதியில் ஒரு சட்டம் உண்டு. வெளி மருந்தோ மந்திரத் தண்ணீரோ கொடுத்தது தெரிந்தால் நோயாளியை அன்றே அனுப்பிவிடுவார்கள். எல்லப்பனை அன்றைக்கு அனுப்பினால் பூந்தமல்லி போய்ச் சேரமாட்டான். டாக்டருக்குப் போகிற புத்தகத்தில் கம்பவுண்டர் எழுதினார்: 'தண்ணீர் ஆள் சொன்ன அளவுக்கு மீறித் துத்தம் போட்டான். நோயாளி தவறுதலாக அந்தத் தண்ணீரைக் குடித்தார்.' அவ்வளவுதான். வெல்லம் இல்லை, தீர்த்தம் இல்லை. எனக்குப் படித்துக் காட்டினார்.

"சொல்" என்றார்.

சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் என் மூட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பிறகு ஒன்றரை வருஷம் எங்கெங்கோ இருந்தேன். எங்கே இருந்தாலும் தண்ணீரைக் குடிக்கும் முன் மோந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. எல்லப்பன் இருக்கிறானா இல்லையா என்று தெரிந்துகொள்ள அந்தப் பக்கம் போகவில்லை. போக தைரியம் இல்லை.

பூந்தமல்லியில் ஒரு நாள், சந்தைக்குப் போகிற வாய்க்கால் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல்: "நைனா! தண்ணிக்கார நைனா!"

கன்னியம்மா. நான் முதலில் அவள் கழுத்தைப் பார்த்தேன். தாலி இருந்தது. அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா, என்னப் பாத்தா ஒக்காந்துக்கிறே? அவரு நல்லா கீறாரு. பாதி மூட்ட தூக்குறாரு. கெட்ட வார்த்த முழுசா பேசுறாரு." சிரித்தாள். தொட்டியைப் பற்றியும் அவளே சொன்னாள். கம்பவுண்டர் கிணற்றடியில் ஓர் அண்டாவை வைத்து, வெல்லம் கரைப்பதானால் அதில் கரையுங்கள் என்று சொல்லிவிட்டாராம். "இப்ப செடி மேல வரைக்கும் வந்து மடங்கிக்கினு கீது. தண்ணி இருக்குதா இல்லியான்னே தெரியாது."

நான் வாயைத் திறந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான். அதற்குள் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"எல்லாம் ஒன்னாலதான் நைனா. அன்னிக்கி நீ போட்ட மருந்துதான். பச்சப்பச்சையா வியாதி மொத்தமா வெளிய வந்துச்சே, நான் பாத்துகினேதானே இருந்தேன். கம்பவுண்டரு மருந்து பேர மட்டும் சொன்னாரு, துத்தமுன்னு. எங்க நாத்தனாருக்கு ஆறு மாசமா இருமலு. நாட்டு மருந்துக் கடையில வாங்கிகினு போறேன். எவ்ளோ குடுக்கணும், நீயே சொல்லு."

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மயில் கழுத்து நிறத்தில் ஒரு கட்டி. நெல்லிக்காயை விடப் பெரியது.

ரயில் பாதையில் என் கண்ணெதிரே ஒருவன் கால் போனதைப் பார்த்திருக்கிறேன். அப்போதுகூட எனக்கு இப்படி வியர்க்கவில்லை.

"அக்கா, அது விஷம்."

"போய்யா."

"பாசியக் கொல்லப் போட்டது. அளவு தெரியாம போட்டேன். ஒன் புருசன் சாவக் கெடந்தது என்னாலதான்."

"சாவக் கெடந்தாரா? சந்தையில போயி பாரு, எவங்கிட்டயோ சண்ட போட்டுகினு கீறாரு." முடிச்சை மறுபடி கட்டிக்கொண்டாள். "பொம்பளைக்கு அளவு சொல்ல மனசு வரல ஒனக்கு. பரவால்ல, நானே பாத்துக்குறேன்."

எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். பின்னாலேயே போனேன். கெஞ்சினேன், கத்தினேன். போகிறவர்கள் என்னைத் தப்பாக நினைத்து நின்று பார்த்தார்கள். சொல்லச் சொல்ல அவள் வேகமாக நடந்தாள். வாய்ப்பேச்சில் ஆகாது என்று தெரிந்தது. வாய்க்காலில் இறங்கி இரண்டு நத்தைகளைப் பொறுக்கினேன்.

"உயிரு மேல சத்தியம் அக்கா. ஒரே ஒரு துணுக்கு குடு. ஒரு உளுந்து. இதப் பாத்துட்டு அப்பறம் நீ போ."

எதனால் நின்றாள் என்று தெரியாது. களைப்பாக இருந்திருக்கலாம். கரையில் கிடந்த இரண்டு கொட்டாங்கச்சியில் வாய்க்கால் தண்ணீர் எடுத்தேன். ஒன்றில் துணுக்கைக் கரைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு நத்தையை விட்டேன். இருவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம்.

நல்ல தண்ணீர் நத்தை கொம்பை நீட்டிச் சுவரில் ஏறியது. மற்றது சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. வாயில் நுரை கட்டியது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கன்னியம்மா ஒரு குச்சியால் தொட்டாள். அசையவில்லை. எடுத்து நல்ல தண்ணீரில் போட்டாள். வெயில் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை.

முந்தானையை அவிழ்த்துக் கட்டியை என் கையில் வைத்தாள்.

"அப்போ அவரு எப்பிடி நைனா பொழச்சாரு?"

"எனக்குத் தெரியாது அக்கா."

அந்தக் கட்டியை மனிதர் போகாத ஒரு மேட்டில் முழங்கை ஆழம் தோண்டிப் புதைத்தேன். அதன் பிறகுதான் ஏரி வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன், கிழவனாகும்வரை அங்கேயே இருந்தேன்.

நோட்டீஸில் எல்லாம் விவரமாக, பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னார்கள். இருக்கலாம். கன்னியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.